மறுபடி பார்க்கத் தோன்றியவள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சத்தமாகப் பதில் சொல்ல வேண்டாம், மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். பல் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு விண்ணப்பித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

நான் ஆசைப்படவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, இது கிடைத்தது, சேர்ந்தேன். சேர்ந்த அன்று வீட்டுக்கு வந்த சித்தி, "வுடு, இதுவும் டாக்டர் மாதிரிதானே" என்று என் கன்னத்தைத் தடவினார். அந்த 'மாதிரி'யை வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெகுகாலம் திரிந்தேன். கல்யாண வீடுகளில், ரயிலில், பாஸ்போர்ட் அலுவலகத்தில், யாராவது "டாக்டரா? என்ன டாக்டர்?" என்று கேட்கும்போதெல்லாம் அது உள்ளிருந்து ஒருமுறை குத்தும். பிறகு எப்போதோ குத்துவது நின்றது. எந்த நாளில் நின்றது என்று எனக்கே தெரியாது. ஆனால் அது நின்றுவிட்டதை நான் தெரிந்துகொண்ட நாள் ஒன்று உண்டு. அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் பணிக்காலத்தின் பிற்பகுதி முழுவதும் புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு சுகாதார நிலையத்தின் பல் பிரிவில் கழிந்தது. ஒரே அறை. ஒரு சாய்வு நாற்காலி, அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல், பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கரும்பு. புற நோயாளிகள் கிளம்பிப்போன பிறகு மத்தியானத்தில் அந்த அறைக்கு ஒரு மயக்கம் வரும். காற்றில் கரும்புத் தோகைகள் ஒன்றையொன்று உரசும் சத்தம், தொலைவில் திருக்கனூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம், எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கும். காலையிலிருந்து பார்த்த வாய்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் திறந்து மூடும். இந்த வேலையில் உங்களுக்கும் அப்படி நேரும். தூக்கம் என்று நினைத்து விரட்டிவிடாதீர்கள். காலையில் அவசரத்தில் கவனிக்காமல் விட்டதை அந்த நேரத்தில்தான் மனம் எடுத்துக் காட்டும்.

அப்படி ஒரு மத்தியானத்தில், மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, சூசைநாதன் தன் மகளோடு உள்ளே வந்தார்.

சூசைநாதன் ஒதியம்பட்டுப் பக்கம் குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். முன்பு அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றை நான் பிடுங்கியிருக்கிறேன். அது வலிக்கவில்லை என்பதற்காக ஊர் முழுக்க எனக்கு விளம்பரம் செய்தவர். கனத்த குரல், பெரிய சிரிப்பு. மகள் செலின் மெலிந்த பெண். பிளாஸ்டிக் பையில் சுற்றிய சான்றிதழ் கோப்பை மார்போடு அணைத்திருந்தாள்.

"டாக்டரம்மா, நீங்கதான் ஒரு ஞாயம் சொல்லணும்."

"பல்லு வலியா சூசை?"

"பல்லெல்லாம் கல்லு மாதிரி கீது. எனக்கு வலியே இவளாலதான்."

ஸ்டூலை மகளிடம் தள்ளிவிட்டு, வேறு இடம் இல்லாததால் அவர் சாய்வு நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்தார். கடைசி நோயாளிக்குப் பிறகு நான் விளக்கை அணைத்திருக்கவில்லை. அது அவர் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். செலின் அரசுப் பள்ளியில் படித்தவள். முதல் தடவை எழுதிய நீட்டில் ஒன்றும் அமையவில்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்தே படித்து மறுபடி எழுதினாள். எம்.பி.பி.எஸ். கொஞ்சத்தில் தவறிவிட்டது. கவுன்சிலிங்கில் பி.டி.எஸ். இடம் வந்திருந்தது. அன்று மாலைக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"இன்னும் ஒரு வருசம் படிச்சா எம்.பி.பி.எஸ். நிச்சயம்னு கோச்சிங்குல சொல்றாங்க. மாதா கோயில்ல சாமியாரு வரைக்கும் சொல்லிட்டேன், எம்பொண்ணு டாக்டராவப் போறான்னு. இப்ப போயி பல்லு புடுங்கப் போறான்னா சிரிக்க மாட்டாங்க? பல்லு டாக்டரெல்லாம் ஒரு டாக்டரா, நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, உங்கள சொல்லல டாக்டரம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் தைரியம் வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு சிரித்தார். விளக்கின் வெளிச்சம் நேராக உள்ளே இறங்கியது.

நாக்கின் இடப்பக்க ஓரத்தில், பின்புறமாக, அது இருந்தது. சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு தடிப்பு. நடுவில் சின்னக் குழி.

சிரிப்பு முடிவதற்குள் அது மறைந்துவிட்டது. அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். கோச்சிங் சென்டர், பக்கத்து வீட்டுப் பையன், அவனுடைய மார்க்கு. ஒரு வார்த்தையும் எனக்குள் இறங்கவில்லை. மழையின் முதல் துளிகள் ஜன்னல் தகரத்தில் விழுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சில நொடிகள் மிக நீளமானவை. உங்களுக்கும் அவை வரும். அப்போது உங்கள் முகத்தை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அன்று பார்த்துக்கொண்டிருந்தது செலின்.

"செலின், கொஞ்சம் வெளிய பெஞ்சுல உக்காரும்மா. வந்ததுக்கு அப்பா பல்ல ஒரு தடவ பாத்துர்றேன்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனாள்.

கையுறை போட்டுக்கொண்டேன். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். தடிப்பின் அடியில் விரல் வைத்து அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"அதுவா? போன கரும்பு வெட்டுலேர்ந்து கீது. வலிக்காது. காரம் சாப்ட்டா கொஞ்சம் எரியும், அவ்ளோதான்."

"பொகையில இன்னும் ஒதுக்குறீங்களா?"

அவர் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. அதுதான் பதில்.

அவர் முகத்துக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொல்லாதீர்கள். போகப் போகிறவர்போல் தெரிவீர்கள்.

"சூசை, இது நல்லதா கெட்டதான்னு கண்ணால பாத்து என்னால சொல்ல முடியாது. துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். கேன்சரா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனா இத்த இப்படியே வுடக் கூடாது. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் எழுதித் தரேன், பேசியும் வைக்கிறேன்."

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாக மூடினார். நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார், ஒரு மாட்டின் முதுகைத் தடவுவதுபோல்.

"இன்னிக்கேவா?"

"நாளைக்குப் போனாப் போதும். நாள் கடத்தக் கூடாது, அவ்ளோதான்."

"டாக்டரம்மா." குரல் அவருடையதாக இல்லை. "பொண்ணுகிட்ட சொல்லாதீங்க."

நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதற்குள் அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வெளியே போய்விட்டார்.

அறையில் தனியாக இருந்தேன். மழை வலுத்துவிட்டது. கரும்புக் காடு தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ ஒன்று ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் எழுத ஆரம்பித்தேன். வெளியே அப்பாவும் மகளும் பேசும் சத்தம் மழையில் கரைந்து கரைந்து வந்தது. அவர் அவசரமாக ஏதோ சொல்கிறார். அவள் மறுபடி மறுபடி ஒரே வார்த்தையைக் கேட்கிறாள்.

கதவு திறந்தது. செலின்.

"மேடம், எங்கப்பாகிட்ட இன்னா சொன்னீங்க?"

"ஏம்மா?"

"ஊருலேர்ந்து பஸ்ஸு ஏறுனதுலேர்ந்து வேணாம் வேணாம்னு கத்திகினு வந்தவரு, இப்ப உடனே போயி சேந்துருன்றாரு. பஸ்ஸு வந்துடும் கெளம்புன்றாரு. கண்ணு வேற ஒரு மாதிரி கீது. இன்னா சொன்னீங்க?"

என் வேலையில் நான் சந்தித்த கடினமான கேள்விகளில் இது ஒன்று. பொய் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. 'பல் மருத்துவம் நல்ல படிப்புன்னு எடுத்துச் சொன்னேன், ஒத்துக்கிட்டார்' என்றால் முடிந்தது. அவள் நம்பியிருப்பாள். பஸ் பிடித்திருப்பாள். அப்பா நிம்மதியாக இருந்திருப்பார். மறுநாள் ஆஸ்பத்திரியில் விஷயம் தெரியும்போது அவள் கல்லூரியில் சேர்ந்து முடித்திருப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் மேலோட்டமாகத் தோன்றும்.

ஆனால் அவர் பயந்துபோய் மனம் மாறியிருந்தார். தனக்கு ஏதாவது ஆவதற்குள் மகளை எங்காவது கரையேற்றிவிட வேண்டும் என்ற பயம். அந்தப் பயம் அவளை ஒரு படிப்புக்குள் தள்ளும், அவள் தானே நடந்து போனதாக நினைத்துக்கொள்வாள். உண்மை தெரிந்த பிறகு, நாக்கைப் பற்றிய பாடத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் முகம் அவளுக்கு ஞாபகம் வரும். அதற்காக நானே சொல்லிவிடவும் முடியாது. அது அவருடைய உடம்பு, அவருடைய செய்தி. ஒரு நோயாளி வாயைத் திறந்து காட்டுவது எனக்கு மட்டும்தான்.

"உங்கப்பாகிட்ட நான் சொன்னது அவர பத்தினது. அத்த நான் சொல்லக் கூடாது. அவரே சொல்லுவாரு. நீ இங்கியே இரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

முகப்பில் சூசைநாதன் மழையைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஓட்டிலிருந்து வழியும் தண்ணீர் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"சூசை, அவ கேக்குறா."

"எதனா சொல்லுங்க டாக்டரம்மா. இன்னிக்கு ஒரு நாளு சமாளிங்க."

"நீங்க சொல்லலன்னா நான் பொய் சொல்லணும். என்னால முடியாது."

"சொன்னா அவ போமாட்டா. எனக்கு அவளத் தெரியும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு எங்கூடவே ஒக்காந்துடுவா. இருக்குற சீட்டும் போயிடும்."

"போவாளா மாட்டாளான்னு அவதான் சொல்லணும். இத்தினி வருசம் படிச்சது அவ. இன்னிக்கு எதுவும் தெரியாம போய்ச் சேந்தா, அது அவ எடுத்த முடிவா?"

அவர் சட்டைப் பையிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். பிறகு மழையில் நீட்டினார். அது நனைந்து கூழாவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே நடந்தார்.

மகளிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நாக்குல ஒரு புண்ணு கீது. நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரியில சதை எடுத்துப் பாக்கணுமாம். கெட்டதா கூட இருக்கலாமாம்."

செலின் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"காட்டு."

"இன்னாடி காட்டுறது..."

"காட்டுப்பா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சரியாக அப்போது கரண்ட் போனது. விளக்கு அணைந்து அறை சாம்பல் நிறமானது. செலின் தன் போனின் டார்ச்சைப் போட்டாள். சூசைநாதன் கண்களை மூடிக்கொண்டு, கோயிலில் பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்குவதுபோல், நாக்கை நீட்டினார்.

நான் நாக்கை மெதுவாகத் திருப்பிக் காட்டினேன். அவள் குனிந்தாள். வெளியே சாரலில் நனைந்த கூந்தலிலிருந்து ஒரு சொட்டு அவர் சட்டையில் விழுந்தது. மழையின் இரைச்சலுக்கு நடுவில் அந்தச் சின்ன வெளிச்சத்தில் வாய் ஒரு குகைபோலத் திறந்திருந்தது. மேல் அண்ணத்தின் வரிகள், கன்னத்தின் உட்புறச் சிவப்பு, நாக்கின் அடியில் ஓடும் நீல நரம்பு, எல்லாம் மின்னின. நான் எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் அவள் பார்த்தாள். நாக்கை நானாக விட்டிருக்காவிட்டால் இன்னும் பார்த்திருப்பாள்.

"வலிக்குதாப்பா?"

அவர் தலையை அசைத்தார். இல்லை.

"நான் இன்னிக்குப் போகல மேடம்" என்றாள் என்னைப் பார்த்து. "நாளைக்கு அப்பாகூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" சூசைநாதன் எழுந்து உட்கார்ந்தார். குரல் பழையபடி கனத்துவிட்டது. "சீட்டு போயிடும்டி! உனுக்குப் புத்தி கீதா இல்லியா?"

"நீதானே காலைல வேணாம்ன?"

"அது காலைல!"

நான் இடையில் புகுந்தேன். அப்போது சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், இந்த வேலையில் அடிக்கடி தேவைப்படும். "செலின், ஆஸ்பத்திரி நாளைக்கும் இருக்கும். காலேஜ் இன்னிக்கு மட்டுந்தான். ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல வந்துட்டதால ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிக்காதே. நீ இன்னிக்கு சீட்ட வுட்டா அப்பாவோட புண்ணு ஆறிடப் போறதில்ல. நீ சேர்ந்தாலும் அப்பாவ வுட்டுட்டுப் போனதா ஆவாது. சேரணும்னு சொல்லல. சேர வேணாம்னும் சொல்லல. எது அவசரம், எது அவசரம் மாதிரி தெரியுதுன்னு மட்டும் பிரிச்சுப் பாரு."

"இப்ப நான் போனாலும் அப்பாவுக்காகப் போன மாதிரிதான் மேடம். போகலன்னாலும் அப்பாவுக்காகத்தான். எனக்கு இன்னா வேணும்னு எனக்கே தெரியல."

"செரி. மழை விடுற வரைக்கும் இந்த ரூம்ல இரு. நாங்க வெளிய இருக்கோம். யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டோம்."

சூசைநாதன் என்னைக் கொல்லப் போவதுபோல் பார்த்தார். கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னோடு வேலை செய்த நர்ஸ் டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறியது. கல்லூரிக் கதவு மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவருடைய போன் அடித்தது. மனைவி. டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவர். 'சேத்தாச்சா?' என்று கேட்டிருக்க வேண்டும்.

"யோசிச்சிகினு கீறா" என்றார் சூசைநாதன். அந்தப் பக்கம் சத்தம் உயர்ந்தது. "யோசிக்கட்டும் வுடு. நான் வூட்டுக்கு வந்து சொல்றேன்." போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "டாக்டரம்மா, நீங்க இந்தப் படிப்பு ஆசப்பட்டுத்தான் படிச்சீங்களா?"

"இல்ல சூசை. கெடைச்சுது, படிச்சேன்."

"வருத்தமா இல்லியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கமாகக் குத்தும் இடத்தைத் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. மழையைப் பார்த்தபடி, "இருந்துச்சு. எப்பப் போச்சுன்னு தெரியல" என்றேன். அவர் தலையாட்டினார், தன் வயலில் களை எப்போது மடிந்தது என்று தெரியாத ஒருவனின் பேச்சைக் கேட்பதுபோல.

மழை மெலிந்தது. முற்றிலும் விடவில்லை. கதவு திறந்து, "மேடம், நீங்க மட்டும் கொஞ்சம் வாங்க" என்றாள் செலின்.

உள்ளே போனேன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"ரெண்டு வருசமா புக்குல நாக்கு, நரம்பு, தசைன்னு படிக்கிறேன். படம் வரைவேன், பேரு எழுதுவேன். இன்னிக்குத்தான் நெசமா ஒரு நாக்க பாத்தேன். அப்பாவுக்கு இப்படி இருக்குறப்ப எனக்குப் பயம்தானே வரணும்? பயம் வந்துச்சு. ஆனா அதோட, அது... பாக்கணும் போல இருந்துச்சு மேடம். உள்ள இவ்ளோ இருக்கான்னு. அந்தப் புண்ணு கூட எப்படி ஆரம்பிச்சிருக்கும், எங்க வரைக்கும் போயிருக்கும்னு. நீங்க வுட்டதும் மறுபடி பாக்கணும்னு இருந்துச்சு." அப்போதுதான் அழுதாள். "எங்கப்பா மேடம் அது. நான் இன்னா மாதிரி பொண்ணு?"

நான் அவள் அருகே போய் நின்றேன். வெளியே கரும்பு மறுபடி தெரிய ஆரம்பித்திருந்தது, தோகைகள் தண்ணீர் கனத்தில் சாய்ந்து. என் முதல் நாக்கு நினைவுக்கு வந்தது. யாருடையது என்றுகூட ஞாபகமில்லை, ஆனால் அந்த வெளிச்சமும் என் மூச்சு நின்றதும் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு காலம் கழித்தும் ஒவ்வொரு வாயும் திறக்கும்போது ஒரு துளி அது மிச்சமிருக்கிறது. எனக்கு வருத்தம் எங்கே போனது என்று அப்போது புரிந்தது.

"செலின், பயத்துல எல்லாருக்கும் கண்ண மூடிக்கத்தான் தோணும். உனக்குப் பயத்தோடயே பாக்கத் தோணிருக்கு. அது உங்கப்பாவ நீ நேசிக்காததால இல்ல. அவருக்கு இப்ப அந்த மாதிரி கண்ணு இருக்குற ஒருத்தர்தான் வேணும். டவுன் ஆஸ்பத்திரியில நாளைக்கு அவர பாக்கப்போற டாக்டருக்கும் அது இருக்கணும்னுதான் நான் வேண்டிக்கிறேன்."

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பாவோடது மட்டும் இல்ல மேடம். மத்தவங்க வாயையும் பாக்கணும்."

"அத்த நீதான் உங்கப்பாகிட்ட சொல்லணும்" என்றேன்.

அவள் வெளியே போய் அவரிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் கதவுக்கு வரும்போது, தந்தையும் மகளும் சான்றிதழ் கோப்பின் மேல் ஒரு யூரியா சாக்கைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் அவர் செருப்பு ஒன்று சிக்கிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். வில்லியனூரில் ரயில்வே கேட் போட்டிருந்தது. பஸ் வரிசையில் நின்றுவிட்டது. இருவரும் இறங்கி, கேட்டைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கல்லூரியில் மேசைகளை எடுத்து வைக்கும் நேரம். வாசலில் இருந்தவர் முதலில் முடியாது என்றிருக்கிறார். உள்ளேயிருந்து வந்த ஒரு அம்மாள், சேறும் தண்ணீருமாக ஒற்றைச் செருப்போடு நின்ற சூசைநாதனைப் பார்த்துவிட்டு, "வரச் சொல்லுங்க" என்றிருக்கிறார். அன்று இருட்டும் வேளையில் எனக்குப் போன் வந்தது. "சேத்துட்டாங்க டாக்டரம்மா" என்றது கனத்த குரல். அந்தக் குரலை அந்த வடிவத்தில் நான் கேட்டது அநேகமாக அதுதான் கடைசி.

மறுநாள் மனைவியும் சேர்ந்து மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பரிசோதனை முடிவு கெட்டதாகத்தான் வந்தது. ஆனால் ஆரம்ப நிலை. நாக்கின் இடப்பக்கத்தில் ஒரு பகுதியையும் கழுத்தில் சில நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அது போதுமாக இருந்தது. அதே மாதங்களில் செலின் முதலாண்டு வகுப்பில் நாக்கின் தசைகளைப் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து, அப்பாவை எதிரில் உட்காரவைத்து, 'ல' சொல்லு, 'ழ' சொல்லு, 'ற' சொல்லு என்று பயிற்சி கொடுப்பாளாம். மூன்றுமே அவருக்குப் பாதிதான் வந்தன. மகள் பெயரையே 'செயின்' என்றுதான் கூப்பிட முடிந்தது. அவள் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

எல்லாம் இனிமையாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். "இப்பவும் சில நாள் எம்.பி.பி.எஸ். பசங்க க்ராஸ் பண்ணிப் போறப்ப வயிறு எரியும் மேடம்" என்று செலின் என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அப்புறம் கிளினிக் உள்ள போவேன். யாராவது வாய தொறப்பாங்க. மறந்துடுவேன்." அவள் இப்போது பயிற்சி டாக்டர். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

உங்களில் ஒருவர் அந்த ஒற்றை அறைக்குப் போகப் போகிறீர்கள். உங்களுக்குத்தான் இந்தக் கடைசி விஷயம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த முதல் கரும்பு வெட்டில் சூசைநாதன் ஒரு வேலையை ஆரம்பித்தார். வெட்டுக்கு வரும் ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவர் வாயாகப் பார்ப்பது. திட்டுவார்கள், கேலி செய்வார்கள், சிலர் கரும்புத் தோகையால் அடிக்கக்கூட வருவார்கள். விடமாட்டார். சந்தேகம் என்று தோன்றினால் அந்த ஆளைத் தன் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக என்னிடம் வருவார். பெரும்பாலும் வெறும் புண், இல்லாவிட்டால் கூர்மையான பல் உரசிய காயம். ஒன்றுமில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். பிறகு சிரிப்பார். இரண்டு முறை அது வெறும் புண்ணாக இருக்கவில்லை. அந்த இரண்டு பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

அவர் உங்களிடமும் வருவார். பெரும்பாலும் நீங்கள் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில், சேற்றுக் காலோடு, பின்னால் முறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு ஆளோடு வருவார். நீங்கள் புதியவர் என்பதால் நிறையப் பேசுவார். முதலில் ஒரு வார்த்தையும் உங்களுக்குப் புரியாது. தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். அவசரப்படுத்தாதீர்கள். எதிரில் உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்தபடி, கொஞ்சம் பொறுங்கள். புரிந்துவிடும்.